அலமாரிக்குள் ஒரு தொண்டை

புந்தா அரேனாஸில் காற்றை நிறுத்த முடியாது.
நிறுத்த முடிந்ததையெல்லாம் நிபால்டோ ஒவ்வொன்றாக நிறுத்தினான்:
சுவர்க்கடிகாரம், ஹீட்டர்,
கடைசியில் ஃபிரிட்ஜ்.
பிறகு என் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே
அலமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.
மைக்குக்கு என் காலுறையை மாட்டியிருந்தான்.

வாசிக்க வேண்டியவை ஆயிரத்து இருநூறு வாக்கியங்கள்.
அர்த்தத்துக்காக எழுதியவை அல்ல,
மொழியின் ஒவ்வொரு ஒலியும் மற்றொன்றோடு
ஒருமுறையாவது உரசிப்போவதற்காக.
"குதிரை மருத்துவர் ஏழு குடைகள் வாங்கினார்."
"உன் தங்கையின் சுண்ணாம்பு ஈரமா?"
வெளியே நான் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டேன்.
சில வாக்கியங்கள் ஒரே மூச்சில் வந்தன.
சில முதல் எழுத்திலேயே நின்றன.

நின்றால் காத்திருப்பேன்.
பத்தொன்பது வருடப் பழக்கம்.
சில நாள் ஒரு கிழங்கு உரிபடும் நேரம்,
சில நாள் இரண்டு.
அவன் பெயரே அவனுக்கு ஆகாது.
"நி" என்றதும் நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்,
ஜூலை மாதத்து இரும்பில் விரல் ஒட்டுவதுபோல.
கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டால்
அந்தப் பக்கம் மூன்று ஹலோ சொல்லி வைத்துவிடுவார்கள்.
லைன் சரியில்லை என்று எனக்குச் சைகை காட்டுவான்.
லைன் நன்றாகத்தான் இருந்தது.

இரவுகளில் வெட்டினான்.
திரையில் பச்சை அலைகள்.
திக்கிய இடங்களையெல்லாம்
மீனில் முள் எடுப்பதுபோல் நுனியில் பிடித்து உருவினான்.
காற்றையும் கழிக்கப் பார்த்தான். கொஞ்சம் மிஞ்சியது.
பிறகு கம்ப்யூட்டர் மூன்று ராத்திரி தானாகப் படித்தது,
விசிறி இரைய, பூனை அதன்மேல் சுருண்டுகொள்ள.
பிழையின் எண் இறங்க இறங்க
காய்ச்சல்காரப் பிள்ளையின் தெர்மாமீட்டரைப்போல
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஃபிரிட்ஜை யாரும் திரும்பப் போடவில்லை.
உள்ளே இருந்த நண்டு வீடு முழுக்க நாறியது.

நாலாம் நாள் அது பேசியது.
அவன் குரல்தான். அவன் தொண்டையின் மணல்தான்.
"எடெல்மிரா, தண்ணீர் கொதித்துவிட்டது."
எண்ணெய் போட்ட கதவாக வழுக்கிக்கொண்டு போனது.
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
ஏதோ விற்க வந்தவன் மாதிரி இருக்கிறது என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
ஆனால் என் பெயருக்குள் நுழையுமுன்
அவன் வாசலில் நிற்கிற நேரம் இருக்கிறதே,
அது எனக்குச் சேர வேண்டியது.

இரண்டு நாள் அவனும் பேசவில்லை, அதுவும் பேசவில்லை.
மூன்றாம் நாள் அழித்த கோப்புகளை மீட்டு
உருவிய முள்ளையெல்லாம் திரும்ப மீனில் செருகினான்.
மறுபடி மூன்று ராத்திரி. மறுபடி பூனை.

இப்போது அது திக்குகிறது,
தப்பான இடங்களில்.
அவன் ஒருநாளும் இடறாத மழையில் இடறுகிறது,
அவனை எப்போதும் நிறுத்தும் ரொட்டியை ஒரே தாவாகத் தாண்டுகிறது.
அவன் கொஞ்சம் பொறாமையோடு கேட்டான்.
தன் வீட்டு முன்னால் இருந்த பள்ளத்தை
யாரோ அடுத்த தெருவில் தோண்டிவிட்டார்கள்.
வாக்கியம் முடிகிற இடங்களில் மெல்லிய ஊளை வேறு.
அது நாங்கள் கழிக்காத காற்று.

செவ்வாய்க்கிழமை கேஸ் கம்பெனிக்கு
அதையே பேசவிட்டான்.
எழுதி, ஸ்பீக்கரைப் போனோடு ஒட்டிப் பிடித்தான்.
"வணக்கம். நான் நி"
நி. நி.
இது ஒன்றை மட்டும் சரியாகக் கற்றிருந்தது.
ஹலோ?
ஹலோ?
ஹலோ?
டொக்.

நிபால்டோ சிரிக்கத் தொடங்கினான்.
மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வர.
"பா... பார்த்தாயா," என்றான்,
"இந்தத் தரம் வைத்தது
எ... என்னை இல்லை."

கம்ப்யூட்டரை நிறுத்தக் கை நீட்டினேன். தடுத்தான்.
அது இன்னும் முயன்றுகொண்டிருந்தது.
நான் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
"பால்டோ மன்சியா," என்றது கடைசியில்,
செத்த லைனிடம், மிக மரியாதையாக,
"எங்களுக்கு ஒரே பில் இரண்டு தரம் வந்திருக்கிறது."
பின்னால் கொஞ்சம் காற்று.